கைராசிக்காரியின் சுற்று

பண்ணையில் அவளை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய கொழுந்தன், அதே பண்ணையில் மாடு கறப்பவன். யாரும் சொல்லாமல் அவனாக முன்வந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று அவள் சொல்வாள். பதிலுக்கு அவனுக்கு நிதானம் என்று பெயர் வைத்தாள். இரண்டும் வசவாகத் தொடங்கி, பாராட்டா திட்டா என்று தெரியாத நிலைக்கு வந்து, கடைசியில் வெறும் பெயர்களாகிவிட்டன.

உட்காருவது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சமாசாரம். சாப்பாடு நின்றபடி. பேச்சு நடந்தபடி. டிவி என்பது அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே போகும்போது கண்ணில் பட்ட மட்டும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஒரு தையல்காரர். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால், அவரை எழுப்ப ஒரு காரணம் வேண்டும். இவளை உட்காரவைக்க ஒரு காரணம் வேண்டும். இருவரும் ஒரே உயரத்தில் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொள்ள நேரவே இல்லை, அதனால்தான் இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்பது நிதானத்தின் கண்டுபிடிப்பு.

முதலில் அவள் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கம்பெனியில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். முக்காலியில் எட்டு மணி நேரம். பதினோராம் நாள் மேற்பார்வையாளர் மரியாதையாகவே கேட்டார், உட்காருகிறீர்களா, போகிறீர்களா என்று. போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள், கொழுந்தனுக்குச் சாப்பாடு கொடுக்கப் பண்ணைக்கு வந்தவள், கன்றுக் கொட்டகையின் ஓரத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு கன்றைப் பார்த்தாள். முடிந்துவிட்டது, குழி வெட்ட ஆள் வரவேண்டும் என்றார்கள். சாக்கு லேசாக ஏறி இறங்கியது. குழி வெட்டும் ஆள் வரும்வரை சும்மா நிற்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, ஒரு பாட்டிலில் ஊற்றி, வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். குழி வெட்டும் ஆள் மறுநாள்தான் வந்தார். அதற்குள் கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது.

கன்றைப் பிழைக்கவைத்தது தண்ணீர். பெயர் வாங்கியது கை. அன்றே முதலாளி சொல்லிவிட்டார், இந்தம்மாவுக்குக் கைராசி என்று. அன்று முதல் பதினான்கு வருஷமாக, அந்தப் பண்ணையில் பிறந்த ஒவ்வொரு கன்றின் மேலும் படுகிற முதல் கை அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பசு கன்று போடப்போகிறது என்றால் முதலாளி டாக்டருக்குப் போன் செய்வதற்கு முன் அவளைக் கூப்பிடுவார். முதலாளி கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவர். அவர் நம்பிய ஒரே கணக்கில்லாத விஷயம் இதுதான்.

கன்றுக் கொட்டகை நீளமான ஒரு கட்டடம். நடுவில் சிமென்டு நடைபாதை. இரு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு அறைகள். அறை என்றால் இரும்புக் கம்பித் தடுப்பும் கீழே வைக்கோலும். தடுப்பின் மேல் நீலப் பெயின்டில் எண். கோடியில் ஒரு குழாய், அதற்குக் கீழே கைமுக்குவதற்கு மருந்துத் தண்ணீர் கலந்த ஒரு வாளி. எண்கள் பெயின்ட் அடித்தவரின் திருப்திக்காக இருந்தனவே தவிர, அவள் ஒரு நாளும் ஒன்று இரண்டு மூன்று என்று போனவள் அல்ல. முடியாமல் கிடக்கிற கன்று எதுவோ, அங்கேதான் முதலில் ஓடுவாள். அதற்கப்புறம் பத்தாம் எண். அங்கே இருந்த கன்றுக்கு மைக்செட் என்று பேர், பால் வர அரை நிமிஷம் தாமதித்தால் கூரை பெயர்ந்துவிடும். மைக்செட்டை அடக்கிவிட்டு ஐந்தில் இருந்த ஒல்லி. பிறகு எட்டில் கயிறுதின்னி, அது தன் கழுத்துக் கயிற்றைத் தின்று முடிப்பதற்குள். பிறகு ஒன்றில் மகாராணி. மகாராணி வாளியில் தானாக வாய் வைக்காது. அவள் இரண்டு விரலை வாயில் கொடுக்க வேண்டும். அது சப்பத் தொடங்கியதும் கையை மெல்லப் பாலுக்குள் இறக்க வேண்டும். மகாராணிக்கு மட்டும்தான் இது தேவை; ஆனால் மற்றவை ஏங்கிப் போகுமே என்று எல்லாக் கன்றுக்கும் விரலைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாள். நடுவில் நடுவில் வாளியில் ஒரு முக்கு. காலையில் கலந்த மருந்துத் தண்ணீர் சாயங்காலம் வரை அதே வாளியில் இருக்கும்.

அந்த வருஷம் மழை மூன்று வாரம் விடாமல் பெய்தது. வைக்கோல் காயவில்லை. ஈரத்திலேயே பசுக்கள் வரிசையாகக் கன்று போட்டன. நாலாம் தேதி மூன்றாம் எண்ணில் இருந்த ஆறு நாள் கன்று பால் வேண்டாம் என்றது. மத்தியானம் மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிந்தது. முதலாளி மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஊசி மருந்து வாங்கிவந்து போட்டார். ஊசி போட்ட திருப்தி அவருக்கு. கன்று மூன்றாம் நாள் செத்தது. அதற்குள் பத்தில் மைக்செட் கழிய ஆரம்பித்திருந்தது. எட்டாம் தேதி ஒல்லி. பத்தாம் தேதி கயிறுதின்னி.

மைக்செட் தொண்டையின் பலத்திலோ என்னவோ தப்பித்துத் தேறிக்கொண்டு வந்தது. ஒல்லி தேறவில்லை. அதைத் தன் பழைய சால்வையில் சுற்றி, அடுப்பங்கரை வரை தூக்கிக்கொண்டு போய்ச் சூடு காட்டினாள். கண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் இழுத்தபடியே நின்றது. பதினோராம் தேதி காலை அது போனதும் முதலாளி கொட்டகை வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு செத்துதுன்னா, கன்னு வளர்க்கிற வேலையே நமக்கு வேண்டாம்மா. பொறந்ததும் வியாபாரிகிட்ட தள்ளிவிட்டுடலாம். நீங்க கறவைப் பக்கம் வந்துடுங்க."

கறவைப் பக்கம் என்றால் மெஷின். மெஷினைக் காம்பில் மாட்டிவிட்டு, அது தானாகக் கறந்து முடிக்கும்வரை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நிதானம் அந்த வேலைக்கென்றே பிறந்தவன். அவளுக்கு அது பொத்தான் கம்பெனியின் மறுபிறவி. ஆனால் அன்று ராவெல்லாம் அவளைப் புரண்டு படுக்கவைத்தது முக்காலி அல்ல. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத கன்றுகள் வண்டியில் ஏறும் என்பதுதான்.

மறுநாள் காலை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தாள். சின்ன வயசு, பேச்சில் வேகம், கையில் நிதானம். முதல் சாவுக்கே கூப்பிட்டிருக்கலாமே என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னாள், இரண்டாவது தடவை சொல்லவில்லை. கயிறுதின்னியின் கழிச்சலில் ஒரு சொட்டு எடுத்து, விரல் நீளத்தில் இருந்த ஒரு பட்டையில் விட்டாள். பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ரோட்டா வைரஸ் என்றாள். சின்னக் கன்றுகளின் குடலைப் பிடிக்கிற கிருமி. பெரிய மாடுகள் தங்களுக்கு ஒன்றும் ஆகாமலே சாணத்தில் அதைப் பரப்பும். ஈரத்தில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதே மாதிரி கன்றுகளைப் பிடிக்கிற கொரோனா வகை ஒன்றும் உண்டு, நல்லவேளையாக அது இங்கே இல்லை என்றும் சொன்னாள். அவள் சொன்ன எல்லாவற்றிலும் முதலாளியின் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். அலமாரியில் தேடி ஒரு பழைய முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மருந்து என்ன டாக்டர்?"

"வைரஸுக்கு நேரா மருந்து கிடையாது. தண்ணியும் உப்பும் குடலை விட்டுப் போகுது, அதைத் திருப்பிக் கொடுத்துட்டே இருக்கணும். பாலை நிறுத்தக் கூடாது. குளிர் படக் கூடாது."

முதலாளியின் முகம் விழுந்தது. ஊசி போடாத டாக்டருக்கு உலகத்தில் எங்கேயும் மரியாதை கிடையாது.

டாக்டரம்மாவுக்கு வேறு ஒரு குழப்பம் இருந்தது. தீவன அறைச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, பன்னிரண்டு கட்டம் போட்டு, எந்தக் கன்று எந்தத் தேதியில் படுத்தது என்று குறித்தாள். நோய் பக்கத்து அறைக்குப் போகவில்லை. மூன்றிலிருந்து நடைபாதையைத் தாண்டிப் பத்துக்கு. பத்திலிருந்து திரும்பத் தாண்டி ஐந்துக்கு. ஐந்திலிருந்து மறுபடி எதிர்ப்பக்கம், எட்டுக்கு. தண்ணீரில் வந்தால் எல்லாவற்றுக்கும் வந்திருக்க வேண்டும். தாய்ப்பசுக்களின் சாணத்திலிருந்து வந்தால் இப்படி நாள் விட்டு நாள், குறுக்கும் நெடுக்குமாக வராது. காற்றாக இருக்கும் என்றார் முதலாளி. எலி என்றான் நிதானம். யாராவது கண் வைத்திருப்பார்கள் என்று முதலாளி மறுபடி ஆரம்பித்தபோது டாக்டரம்மா டீ குடிக்க எழுந்தாள். எல்லாரும் போனார்கள்.

பம்பரம் மட்டும் காகிதத்தின் முன்னால் நின்றாள். அவளுக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் எண் தெரியும், தேதி தெரியும். மூன்று, பத்து, ஐந்து, எட்டு. இன்னொரு தடவை வாய்க்குள் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது, சும்மா நிற்கத் தெரியாத அவள் கால்கள் தாமாகவே நகர்ந்தன: இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். நின்றாள்.

அது காற்று அல்ல. எலியும் அல்ல. அது அவளுடைய நடை.

படுத்த கன்றிடம் முதலில் ஓடுகிறாள். அதை விட்டால் அவள் கை அடுத்து எங்கே போகுமோ, நோயும் அங்கேதான் போயிருந்தது. மூன்றை விட்டு மைக்செட். மைக்செட்டை விட்டு ஒல்லி. ஒல்லியை விட்டுக் கயிறுதின்னி. பெயின்ட் அடித்த எண்களுக்கு அது குறுக்கும் நெடுக்கும். அவளுக்கு அது பதினான்கு வருஷத்துப் பழக்கம். அந்த வரிசை உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தது ஒன்று. மகாராணி.

அவள் ஓடினாள். மகாராணி நின்றுகொண்டிருந்தது. வாலைத் தூக்கிப் பார்க்கக் கை நீண்டது. நீண்ட கையைப் பார்த்தாள், பின்னால் இழுத்துக்கொண்டாள். குனிந்து, தலையைச் சாய்த்து, கண்ணால் மட்டும் பார்த்தாள். வால் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒன்றும் இல்லை, நானாக எதையோ நினைத்துக்கொள்கிறேன் என்று குழாயடிக்குப் போனாள். திரும்ப வந்து பார்த்தாள். தீவன அறைக்குப் போனாள். திரும்ப வந்தாள். அன்று காலை பதினோரு மணிக்குள் அவள் ஒன்றாம் எண்ணுக்கு எத்தனை தடவை வந்துபோனாள் என்பதை நிதானம் எண்ணிப் பார்த்து, ஒரு கட்டத்தில் களைத்துப்போய் விட்டுவிட்டான்.

சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்குப் போனாள். வீடு பண்ணை வாசலை ஒட்டின இரண்டு அறை. தையல்காரர் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அறைக்குக் குறுக்கே நடந்தபடி விஷயத்தைச் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்தினார். அது அபூர்வம். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து, ஊசி செருகும் பஞ்சு மெத்தையில் குத்தினார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"மகாராணி படுத்தா நிச்சயம்."

"படுக்கலைன்னா?"

"படுக்கலைன்னா நான் பைத்தியம். அது தேவலை."

அவளே தொடர்ந்தாள். சாயங்காலம் கோணக்கொம்பு கன்று போடப்போகிறது. பண்ணையிலேயே அதிகம் கறக்கிற மாடு, முதலாளியின் செல்லம். முதல் கை வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். இதைச் சொல்லிவிட்டால் பிறகு அந்தக் கைக்கு என்ன மரியாதை?

"எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதான். படிப்பா, நகையா. கைராசின்னு ஒரு பேரு."

"சரி. சொல்லாம இருந்தா உன் பேரு இருக்கும். கன்னுக்கு என்ன இருக்கும்?"

இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அவள் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வெளியே போனாள்.

மகாராணியின் வால் ஈரமாக இருந்தது. பின்னங்காலில் மஞ்சளாக ஒரு கோடு வடிந்திருந்தது. தான் சரியாகக் கணித்துவிட்டோம் என்பதில் மனிதருக்குச் சாதாரணமாக ஒரு சின்ன சந்தோஷம் இருக்கும். அவளுக்கு அது வரவில்லை; மாட்டுக்கொட்டகைக்கு நடந்தாள்.

முதலாளியும் டாக்டரம்மாவும் கோணக்கொம்பைப் பார்த்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் நின்றார்கள். நிதானம் ஒரு தூணுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான், அல்லது தூண் அவனுக்கு. அவள் வாசலிலேயே நின்று, உள்ளே வராமல், கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"டாக்டரம்மா, அந்தப் படத்துல இருக்கறது நான் போற வழி. மூணு, பத்து, அஞ்சு, எட்டு. அடுத்து ஒண்ணு. ஒண்ணும் இப்பப் படுத்துடுச்சு. என் கைதான் கொண்டு போயிருக்கு."

டாக்டரம்மா கேள்விகள் கேட்டாள். எதை முதலில் பார்ப்பீர்கள், எதைத் தொடுவீர்கள், கையை எதில் கழுவுவீர்கள். வாளி என்றதும், எப்போது மாற்றுவீர்கள் என்றாள். காலையில் என்றாள் இவள். டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாள். அழுக்கு சேரச் சேர அந்த மருந்துக்கு வேலை இருக்காது என்றும், நாலு கை முக்கினதுக்கு அப்புறம் அது கிருமியை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குக் கொண்டுபோகிற வண்டி என்றும் விளக்கினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

ஒத்துக்கொள்ளாதவர் முதலாளி ஒருவர்தான். "நீங்க பேசாம இருங்கம்மா. அந்தக் கையைக் குறை சொன்னா எனக்கே வாய் கூசுது. பதினாலு வருஷம் எத்தனை கன்னு பொழைச்சிருக்கு" என்று, அவளுக்கு எதிராக அவளுக்காகவே வாதாடினார். கோணக்கொம்பின் கன்று மேல் முதல் கை அவளுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவாகச் சொன்னார்.

"என் கை வேண்டாங்க," என்றாள்.

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்லலாம். நான் வைக்க மாட்டேன்."

முதலாளியிடம் அவள் இல்லை என்று சொன்னது அதுவே முதல் தடவை. இருவருக்கும் அது புதுசாக இருந்தது. பிறகு டாக்டரம்மா வேலையைப் பிரித்தாள். படுத்த கன்றுகளும் தேறிய மைக்செட்டும் கொட்டகையை விட்டுப் பின்னால் இருக்கிற பழைய வைக்கோல் அறைக்கு வரட்டும்; அங்கே அவள். நல்ல கன்றுகளுக்கும் பிறக்கிற கன்றுக்கும் வேறு ஆள். ஒருவர் இன்னொருவர் பக்கம் வரக் கூடாது. அப்படியானால் நல்ல கன்றுகளுக்கு யார் என்று முதலாளி கேட்டார். எல்லாரும் நிதானத்தைப் பார்த்தார்கள். நிதானம் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

"இவனா?" என்றாள் பம்பரம். "இவன் கன்னுக்குப் பால் கொண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அது கன்னு போட்டுடும்."

"அண்ணி, நானும் அதைத்தான் சொல்றேன்," என்றான் அவன் அவசரமாக. அவன் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் கோணக்கொம்பு ஒரு கிடேரிக் கன்று போட்டது. முதல் கை நிதானத்துடையது. கோணக்கொம்பின் முதல் பாலை, அந்தச் சீம்பாலை, பாட்டிலில் புகட்டி, கன்றைப் பன்னிரண்டாம் எண்ணில் விட்டார்கள். நோய் பிடிப்பதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். முற்றத்தின் நடுவே சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

வைக்கோல் அறையில் வேலை குறைவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை உப்பும் சர்க்கரையும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர், நடுவில் பால், சாக்கை மாற்றுவது, கழுத்துத் தோலை இழுத்து விட்டு அது எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று பார்ப்பது. மகாராணி இரண்டு நாள் தலை தூக்கவில்லை. விரலைக் கொடுத்தால்கூடச் சப்பவில்லை. கயிறுதின்னி தன் கயிற்றையே மறந்துவிட்டது. இங்கே எதைத் தொட்டாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் மனம்போல் தொட்டாள். ஒன்று செத்தால் கொட்டகை மூடும். ஆனால் அந்தக் கணக்கு அவளுக்கு ஞாபகம் வந்ததே குறைவு. ஒல்லிதான் ஞாபகம் வந்தது. மூன்றாம் எண் கன்று நோயைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், அதற்கு அவள் பொறுப்பில்லை. ஒல்லிக்கு யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. டாக்டரம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள், நான் விரல் கொடுக்காமல் இருந்திருந்தால் ஒல்லி இருந்திருக்குமா என்று. தெரியாது அக்கா என்றாள் டாக்டரம்மா. நேர்மையான பதில், ஒரு பிரயோஜனமும் இல்லை.

வேலை இல்லாத நேரமெல்லாம் கோட்டின் ஓரமாக நடந்தாள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் வாசலும் குழாயும் தெரியும். நாலாம் நாளுக்குள் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இன்னொரு கோடு விழுந்துவிட்டது. சேற்றில் அவள் கால் போட்டது.

அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க அவளுக்கு ரத்தம் கொதித்தது. நிதானம் ஒன்றாம் பக்கம் தொடங்கிப் பன்னிரண்டு வரை எண் வரிசையில்தான் போனான், ஏனென்றால் யோசிக்க வேண்டியதில்லை. எந்தக் கன்று கத்தினாலும் அவன் வேகம் மாறவில்லை. விரலைக் கொடுக்கவே இல்லை. எச்சில் என்றால் அவனுக்குக் குமட்டும். ஒரே நிப்பிளை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டுமே என்று ஒவ்வொரு கன்றுக்கும் தனி பாட்டில் வைத்துவிட்டான். தடுப்புக்குள்ளே கால் வைத்தால் செருப்பைக் கழுவ வேண்டும் என்று தெரிந்ததும் உள்ளே போவதையே நிறுத்திவிட்டான். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை, குழாயடியில் சும்மா நிற்பதற்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு கன்றுக்கும் நடுவில் நின்று நிதானமாக நுரை கிளப்பினான். சோம்பேறித்தனமும் சுத்தமும் வெளியிலிருந்து பார்க்க இவ்வளவு ஒன்றாக இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலை அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணி. பன்னண்டு பால் குடிக்க மாட்டேங்குது."

கோணக்கொம்பின் கன்று. அவள் கோட்டுக்கு வந்து சேர்ந்தது நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாது. முதலாளியும் எங்கிருந்தோ வந்துவிட்டார். வாங்கம்மா, ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க, ஒரு தடவைதானே, நான் பார்த்துக்கறேன் என்று கெஞ்சினார். அவள் வலது காலின் பெருவிரல் சுண்ணாம்பின் மேல் இருந்தது. ஆறு அடி எடுத்து வைத்தால் கொட்டகை. கையைப் பார்த்தாள். மகாராணிக்கு அப்போதுதான் புகட்டியிருந்தாள். நகத்தின் ஓரத்தில் ஈரம்.

"வாலைத் தூக்கிப் பாரு," என்றாள்.

"உள்ள போகணுமே."

"போடா உள்ள."

போனான். காய்ந்திருக்கிறது என்றான். கழுத்துத் தோலை இழுத்து விடச் சொன்னாள். இழுத்தான், உடனே படிந்துவிட்டது என்றான். கண் உள்ளே போயிருக்கிறதா? இல்லை, அவனை முறைக்கிறது. அப்புறம் ஏன் குடிக்கவில்லை என்று இருவரும் முற்றத்தின் இரு கரையிலிருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிதானம் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தான், குலுக்கினான், நிப்பிளைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தான். இத்தனைக்கும் அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் சுண்ணாம்பை விட்டுப் பெருவிரலை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்தாள்.

"பாலாடை அடைச்சிருக்கு அண்ணி. ஓட்டையில."

அவள் அங்கேயே, முற்றத்துச் சேற்றில், உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வருஷத்தில் அவள் உட்கார்ந்து முதலாளி பார்த்தது அன்றைக்குத்தான். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

பதினைந்தாம் நாளும் எந்தக் கன்றும் புதிதாகப் படுக்கவில்லை. கயிறுதின்னி வைக்கோல் அறையின் கதவுக் கயிற்றைத் தின்னத் தொடங்கியது. மகாராணி இளைத்து எலும்பாக இருந்தது, ஆனால் இருந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுத்து டாக்டரம்மா வந்து பார்த்தாள். கொட்டகையைத் தேய்த்துக் கழுவிக் காயப்போடச் சொன்னாள். கோட்டை யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை, மழை அழித்திருந்தது. கன்றுக் கொட்டகையை மூடுகிற பேச்சை முதலாளி எடுக்கவில்லை. எடுத்ததே ஞாபகமில்லாதவர் போல நடந்துகொண்டார். அவருக்கு வேறு புது விஷயம் கிடைத்திருந்தது. நிதானத்துக்கு என்ன ஒரு கைராசி என்று பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் தன் பசு கன்று போடும்போது முதல் கை வைக்க அவனைக் கேட்டு ஆளே அனுப்பிவிட்டார். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் கையில் ராசி ஒன்றும் கிடையாது என்று நிதானம் சத்தியம் செய்தான். அவனுக்கு அடக்கம் வேறு என்று ஊரில் பேச்சு.

தேறிய மூன்று கன்றுகளும் கொட்டகையின் கடைசிக்கு வந்தன. மறுநாள் காலை அவள் மறுபடி சுற்றுக்குப் போனாள். முழங்கை வரை சோப்பு. வேறு புடவை. பாட்டில் பாட்டிலாகப் பால். நல்ல கன்றுகள் முதலில், தேறியவை கடைசியில். அதுதான் டாக்டரம்மா சொன்ன வரிசை. கடைசியிலும் கடைசி மகாராணி.

அவள் நடைபாதையில் கால் வைத்த சத்தத்திலேயே மகாராணி கண்டுகொண்டது. மைக்செட்டே வாயை மூடிக்கொள்ளும்படி ஒரு கத்தல். பழைய நாளாக இருந்தால் எல்லா வாளியையும் போட்டுவிட்டு அங்கே ஓடியிருப்பாள். ஓடத்தான் கால் எழுந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் கன்றின் முன்னால் நின்றாள். அது பாட்டிலை முடிக்கும்வரை நின்றாள். கையைக் கழுவினாள். இரண்டாவது. கோணக்கொம்பின் கன்று பாலைக் குடித்துவிட்டு, கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டி அவள் விரலைத் தேடியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மகாராணி கத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணி," என்றான் நிதானம் வாசல் தூணிலிருந்து, "நடையைப் பாத்தா எங்க குடும்பத்துலயே பொறந்த மாதிரி இருக்கு."

அவள் குழாயடியில் நுரையைத் தேய்த்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னபடி வாய்க்குள் இருபது வரை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. மகாராணி கம்பியை முட்டியது. பதிமூன்று.